டிக்கிக்குள் அடங்கிய பேஸ்

பாட்டு ஆரம்பித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த பகலவன் விசுக்கென்று நிமிர்ந்தான்.

“அக்கா, இது அந்த வண்டியே இல்ல.”

முன்சீட்டில் இருந்த தஸ்னீம் திரும்பாமலே கேட்டாள். “நம்பர் பிளேட் அதேதான?”

“நம்பரு அதான். வண்டியும் அதான். ஓட்டுற ஆளும் அவருதான். சத்தம் வேற.”

தஸ்னீம் பாட்டை நிறுத்தினாள். நாற்பதைத் தாண்டிய பெண். முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே இடித்தது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள். வேண்டுமென்றே இடித்தவர்களில் ஒருவர் மேலதிகாரிக்கு மச்சான் என்று தெரிந்த அன்று வேலையை விட்டாள். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் அவளுடைய துப்பறியும் நிலையம் இருக்கிறது. அதன் மொத்த ஊழியர் பலம் பகலவன். புளியந்தோப்பில் கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் ரேடியோ செட் கட்டியவன். அவன் கண்ணை நம்பி ஒரு வேலையும் கொடுக்க முடியாது, ஆனால் காதை நம்பலாம்.

கார் ராயபுரத்தில் ஒரு குறுகலான தெருவில் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரன் ஜெயவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். துறைமுகத்து ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில், வீடும் அந்தத் தெருவிலேயேதான். அவனுக்கு மூன்று நாட்களாகச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். தண்டையார்பேட்டை கேரம் கிளப்பில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. ஒரு சாண் உயரம்தான், ஆனால் வடசென்னையில் அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஜெயிக்கும் கிளப் அதை ஒரு வருடம் வைத்திருந்து, அடுத்த இறுதியாட்டத்தன்று மேஜையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த இறுதியாட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. பாலீஷ் போட எடுத்துப்போகப் போட்டி நடத்துபவர்கள் திங்கட்கிழமை மாலை வந்தபோது கண்ணாடி அலமாரி காலி. வாசலிலேயே எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. கிளப்பின் பின்பக்க ஜன்னலை ஒட்டி நின்றிருந்தது ஜெயவேலின் கார், முதலில் கிளம்பியதும் அதுதான். அது போதாதா? கிளப் கமிட்டி ஆட்கள் கும்பலாக அவன் தெருவுக்கே வந்து, ஊர் பார்க்க டிக்கியைத் திறந்து துழாவினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோப்பை வராவிட்டால் போலீஸில் அவன் பெயரைத்தான் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது.

கிளப் செயலாளர் கலீலுல்லாதான் தஸ்னீமைத் தேடி வந்து இந்த வழக்கைக் கொடுத்தவர்.

“போன மாசம் மூலக்கொத்தளத்துல ஒரு கல்யாணம்,” என்றான் பகலவன். “இதே வண்டி, டிக்கிய தொறந்து வுட்டு பாட்டு போட்டாரு. டொம்முன்னு ஒரு அடி வுழுந்துச்சுன்னா, அது எழுந்து போறதுக்குள்ள அடுத்த அடி அதும் மேல வந்து வுழும். ரெண்டும் கட்டிப் பொரளும். பந்தியில ரசம் தானா ஆடிச்சுக்கா. இப்ப கேளு. அடிக்குது, நிக்குது. மறுபடி அடிக்குது, நிக்குது. மிலிட்டரி பரேடு மாதிரி.”

ஜெயவேல் முகத்தில் மூன்று நாட்களில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“உனக்கும் கேக்குதா நைனா? நானே மெர்சலாயிட்டேன். நேத்து சாயங்காலம் வண்டிய எடுத்தா பேஸு சோக்கா கீது. நம்ம வசீம்தான் இன்னாமோ பண்ணிட்டான்னு நெனச்சேன்.”

“வசீம் யாரு?” தஸ்னீம் கேட்டாள்.

“திருவொத்தியூர்ல கார் செட்டு கடை. எனக்கு அங்க குலுக்கல்ல பரிசு வுழுந்துகீது மேடம். பழைய பாக்ஸ குடுத்துட்டா புது சப்வூஃபரு, புது பாக்ஸு, எல்லாம் இனாம். நாளைக்கு மாட்டப் போறோம். நேத்து மத்தியானம் வந்து அளவு எடுத்துகினு போனான்.”

“நீங்க எப்ப சீட்டுப் போட்டீங்க?”

“அதான் மேடம் ஆச்சரியம். நான் சீட்டே போடல.”

பகலவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “என் வாழ்க்கையில நான் எத்தினி சீட்டு போட்டிருக்கேன். ஒரு பக்கெட்டுகூட வுழுந்ததில்ல.”

தஸ்னீம் இறங்கிப் பின்பக்கம் போனாள். டிக்கியின் பூட்டு கெட்டுப்போய் நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே அரை டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு பிளைவுட் பெட்டி. அதன் முகத்தில் ஒரு பெரிய வூஃபர் ஸ்பீக்கர், பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் சாம்பல் நிற பிவிசி பைப்.

“தச்சுக்காரு கைவேலை,” என்றான் ஜெயவேல் சற்றுக் கூச்சத்தோடு. “கக்கூஸுக்குப் போடற பைப்புதான். புச்சு.”

“கெட்ட சத்தத்துக்கு இப்பத்தான் காரணம் புரியுது,” என்றான் பகலவன்.

“இந்த வாரத்துல வேற ஏதாவது வித்தியாசமா கேட்டுச்சா?” என்றாள் தஸ்னீம்.

ஜெயவேல் யோசித்தான். “செவ்வாக்கெழம ஒரு கிணுகிணுப்பு இருந்துச்சு. வளையலு போட்ட கையால யாரோ உள்ள குந்திகினு தட்டுற மாதிரி. நேத்துலருந்து அதும் இல்ல.”

தஸ்னீம் கயிற்றைத் திரும்பக் கட்டினாள். “பகல், கெளம்பு. பரிசு குடுக்கிறவங்களைப் பாத்துட்டு வரலாம்.”

*

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நின்றிருந்தன. வசீமின் கடைக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் அந்த இரைச்சல் பாதியாகக் குறைந்தது. வசீம் தாடியை ஒழுங்காக வெட்டிய இளைஞன். கல்லா மேஜைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை அடுக்கி, அவற்றின் நடுவே தானும் ஒரு ஸ்பீக்கர் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“ஜெயவேல் வண்டியில பேஸ் பிரமாதமா இருக்கு,” என்று ஆரம்பித்தாள் தஸ்னீம். “நீங்க பண்ணதா?”

“நம்ம கைவண்ணம்தான் மேடம்.”

“எனக்கும் அப்படியே வேணும். என்ன பண்ணீங்க?”

வசீமுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தான்.

“பேஸுன்னா நெறைய பேரு சத்தம்னு நெனைக்கிறாங்க. பேஸுன்னா ஒழுக்கம் மேடம். ஓட்டை வெச்ச பாக்ஸுன்னா உள்ள இருக்கிற காத்து ஓட்டை வழியா வந்து போகும், சத்தம் பெருசா கேக்கும். பெட்டியும் பைப்பும் வூஃபருக்கு ஏத்த அளவுல இல்லன்னா, அடி முடிஞ்சப்புறமும் அந்தக் காத்து ஆடிகினே இருக்கும். கொழகொழன்னு கேக்கும். இது மூடுன பாக்ஸு. காத்துக்கு வெளிய போக வழி இல்ல. அதுவே ஸ்பிரிங்கு மாதிரி வூஃபர இழுத்துப் புடிச்சிடும். சத்தம் ஒரு படி கம்மி. ஆனா சுத்தம். உள்ள கொஞ்சம் தலகாணிப் பஞ்சு வெச்சு, ஆம்ப்ளிஃபயர்ல அளவ எறக்கி, கிரீச்சுன்னு வர்ற மேல் சத்தத்த வெட்டி வுட்டா, டிரம்ஸ்காரன் கால எங்க வெக்கிறான்னுகூடத் தெரியும்.”

“பழைய பாக்ஸை மாத்தாம இதே சத்தம் வருமா?”

“அந்த ஓட்டைய அடைச்சா வரும். பாதி அப்கிரேடு ஆன மாதிரிதான். நாங்க ஒண்ணு ரெண்டு பேருக்கு சாக்ஸ சுருட்டி சொருகச் சொல்லுவோம்.”

“அப்ப ஜெயவேல் வண்டிக்கு சாக்ஸ் வெச்சிங்களா?”

வசீம் பெட்டியை மேஜையிலிருந்து கீழே இறக்கி வைத்தான்.

“நான் அளவு மட்டுந்தான் எடுத்தேன் மேடம். கை வெக்கல. நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதும் ஒரு ஆசையில…”

“பரவாயில்ல. குலுக்கல் சீட்டெல்லாம் எங்க போட்டு வெச்சிருக்கீங்க?”

“சீட்டா?”

“ஒரு பொட்டி, ஒரு டப்பா, எதாவது இருக்கும்ல.”

வசீம் நெற்றியைத் துடைத்தான். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு சீட்டுதான் மேடம்.”

“ஒரு சீட்டு, ஒரு பரிசு,” என்றான் பகலவன். “இவ்ளோ நியாயமான போட்டிய நான் பாத்ததே இல்ல.”

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. ஜெயவேலுக்கு வேண்டிய ஒருவர் வந்தாராம். பரிசு விழுந்ததாகச் சொல்லிப் புதிதாக மாட்டிக்கொடு, செலவு என்னுடையது என்றாராம். ஒரே ஒரு நிபந்தனை. கழற்றிய பழைய பெட்டியை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. அவரே வந்து எடுத்துக்கொள்வார்.

“யார் அவரு?”

“பேரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். ஆனா நல்ல மனுஷன் மேடம்.”

தஸ்னீம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வெளியே வந்ததும் பகலவனுக்குத் தாங்கவில்லை.

“இன்னாக்கா வுட்டுட்ட? இன்னும் ரெண்டு நிமிசம் மொறச்சிருந்தா கக்கியிருப்பான்.”

“அந்த நல்ல மனுஷன் தானா வருவாரு. இப்ப சொல்லு. செவ்வாக்கிழமை கிணுகிணு. புதன்கிழமை கிணுகிணு போயி பேஸ் இறுகிடுச்சு. என்ன அர்த்தம்?”

“யாரோ பைப்புக்குள்ள கப்ப வெச்சாங்கோ. அது ஆடிகினே இருந்துச்சு. அப்பால ஆடாம இருக்க மேல துணிய சொருகியிருக்காங்கோ.” சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று பகலவனுக்கு உறைத்தது. “அக்கா, நாம கேஸ முடிச்சிட்டோம்.”

தஸ்னீம் கைபேசியை எடுத்து கலீலுல்லாவை அழைத்தாள். “பாய், ஜெயவேல் வண்டி நிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் வாங்க. ஒண்ணு காட்டணும்.” என்ன என்று அவர் கேட்டதற்கு, நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

*

அவர்கள் போய்ச் சேரும்போது கலீலுல்லா அங்கே நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மிடுக்கான ஆள். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கழுத்து மட்டும் வியர்த்திருந்தது.

பகலவன் இப்படியொரு தருணத்துக்காகத்தான் இந்த வேலையில் சேர்ந்திருந்தான். சட்டைக் கையை மடித்தான். தெருவில் வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு பேர் சேரட்டும் என்று சற்றுக் காத்திருந்தான். பிறகு டிக்கியின் கயிற்றை அவிழ்த்து, பைப்புக்குள் கையை விட்டான். விரலில் துணி பட்டது. பிடித்து இழுத்தான்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஊதா நிறத்தில் பச்சைக் கரை போட்ட ஒரு பழைய நைலக்ஸ் புடவை, ஆறு கஜமும் வெளியே வந்து அவன் காலடியில் குவிந்தது. மீன் வாசனை குப்பென்று எழுந்தது. பகலவன் புடவையை உதறினான். அதில் கோப்பை இல்லை. இரண்டு மீன் செதில்கள் மட்டும் பறந்து போய்க் கலீலுல்லாவின் சட்டையில் ஒட்டின.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கைதட்டினார்.

“இன்னாக்கா இது,” என்றான் பகலவன் பரிதாபமாக. “மேஜிக் ஷோ ஆயிடுச்சு.”

கலீலுல்லா புடவையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“நல்லாப் பாருப்பா. கைய இன்னும் உள்ள வுடு. அந்த வளைவுல மாட்டிகினு இருக்கும்.”

பகலவன் தோள்வரை கையை விட்டான். பைப் நேராகப் போய் முழங்கை மாதிரி பக்கவாட்டில் மடங்கியது. அந்த மடக்கிலும் எதுவும் இல்லை. கலீலுல்லாவால் பொறுக்க முடியவில்லை. அவனை நகர்த்திவிட்டுத் தன் வெள்ளைச் சட்டைக் கையோடு தானே குனிந்து துழாவினார். தஸ்னீம் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஜெயவேலிடம் திரும்பினாள். “இந்தப் புடவையைப் பாத்திருக்கீங்களா?”

ஜெயவேலுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. “எதிர் வூட்டு பூவம்மாக்காது. இந்நேரம் காசிமேட்டுல வியாபாரத்துல இருக்கும்.”

அவனுக்குத் துறைமுகத்தில் சவாரி இருந்தது. அவன் போய்விட்டான். தஸ்னீமும் பகலவனும் ஆட்டோ பிடித்தார்கள். அழைக்காமலே கலீலுல்லாவும் ஏறி உட்கார்ந்தார்.

*

காசிமேட்டில் மாலை வியாபாரம் சூடு பிடித்திருந்தது. ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் கால் வைக்க இடம் பார்த்துக் கலீலுல்லா முன்னால் போனார். பூவம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கருவாட்டு வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒருத்தியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தது அவள்தான். ஐம்பது வயதிருக்கும். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

பகலவன் புடவையை நீட்டினான்.

பூவம்மா அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “உருவிட்டியா? இனிமே நான் எப்படித் தூங்குறது?”

“நீங்கதான் சொருகினீங்களா?” என்றாள் தஸ்னீம்.

“நாந்தான். அதுக்கின்னா இப்போ? வெடிகாலையில ஏலத்துக்கு வந்து, மீன வித்து, மத்தியானம் வூட்டுக்குப் போயி செத்த கண்ணு மூடலாம்னா அவன் வண்டி கழுவறேன்னு பாட்டு போடுவான். என் வூட்டுக் கதவு ஆடும், பாத்திரம் ஆடும், என் பல்லு ஆடும். சொல்லிப் பாத்தேன், கேக்கல. நேத்து வண்டிய வுட்டுட்டு டீ குடிக்கப் போனான். கயித்த அவுத்தேன், அந்த ஓட்டையில பொடவைய திணிச்சேன். இப்பதான் நாகரீகமா கத்துது.”

வசீம் கடையில் புத்தம் புதிதாக வாங்கி மாட்டுகிற சுத்தத்தை ஒரு பழைய புடவையால் சாதித்திருந்தாள். பகலவனுக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது.

“திணிக்கும்போது உள்ள ஏதாவது தட்டுப்பட்டுச்சா?”

“ஆமா, ஒரு டம்ளரு கெடந்துச்சு. பொடவ உள்ள போவாம அதான் குறுக்க நின்னுச்சு. எடுத்துட்டேன்.”

“அது இப்ப எங்க?”

“இதோ, வியாபாரம் பண்ணிகினு கீறனே.”

சொல்லிக்கொண்டே பூவம்மா சென்னாகுனிக் குவியலில் கையைவிட்டு, ஓர் அளவைத் தலைதட்டி அள்ளி, எதிரே நின்றவளின் பையில் கொட்டினாள். அள்ளியது ஒரு சாண் உயரமுள்ள வெள்ளிக் கோப்பை. வடசென்னையின் மானம் முழுவதும் அதற்குள் இருப்பதாகச் சொல்வார்கள். இப்போது அதில் காய்ந்த குட்டி இறால்கள்தான் ஒட்டியிருந்தன.

“எம்மா, இதத்தான் ஊரே தேடுது,” என்றான் பகலவன். “உன் தெருவுலதான் வந்து கும்பலா தேடுனாங்கோ. உனக்குத் தெரியாதா?”

“கப்பு காணும் கப்பு காணும்னாங்கோ. நான் டீ கப்புன்னு நெனச்சேன். ஒரு டீ கப்புக்கு இத்தினி ஆம்பளைங்களான்னு சிரிச்சிகினே கதவ சாத்திகினேன்.”

கலீலுல்லா கையை நீட்டினார். அவருக்கு முன்பே தஸ்னீம் கோப்பையை வாங்கிவிட்டாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு காதுகள். ஒன்றில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு. மற்றொன்று மொழுக்கென்று இருந்தது. அதன்மேல் அடித்திருந்த வெள்ளிப் பெயின்ட் கருவாட்டு உப்பு பட்டு உரிந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது.

“இது வெள்ளி இல்லையே,” என்றாள் தஸ்னீம்.

“நான் அப்பவே பாத்தேன்,” என்றாள் பூவம்மா. “அது அலுமினிய சட்டியோட காது. எங்க வூட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு கீது.”

தஸ்னீம் கோப்பையைக் கலீலுல்லாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“பாய், அலமாரியில இருந்தப்ப இந்தக் காது செவுத்துப் பக்கம் திரும்பியிருந்திருக்கும். பாலீஷ் போடறவர் கையில எடுத்தா தெரிஞ்சிருக்கும். அதனால அவங்க வர்றதுக்கு முன்னாடி கோப்பை போகணும். சரியா?”

“நீ இன்னாம்மா சொல்ற?”

“பைப்புக்குள்ள ஒரு வளைவு இருக்கு. வெளியிலேர்ந்து டார்ச் அடிச்சாலும் தெரியாது. கமிட்டிக்கே தெரியல. எனக்கும் தெரியாது. தச்சருக்கும் ஜெயவேலுக்கும் தெரியும். அப்புறம், அதுக்குள்ள ஒருதடவை கைய விட்டவருக்குத் தெரியும். நான் எதைக் காட்டக் கூப்பிட்டேன்னுகூட உங்ககிட்ட சொல்லல. ஆனா வளைவுல மாட்டியிருக்கும்னு சொன்னது நீங்க.”

பகலவன் வாயைப் பிளந்தான். அவன் அதைக் கேட்டிருந்தான். அவன் காதில்தான் விழுந்தது. மண்டைக்குள் போகாமல் வழியிலேயே நின்றுவிட்டது.

“அப்ப அந்த நல்ல மனுஷன்…”

“குலுக்கல் நடத்தினவரு,” என்றாள் தஸ்னீம். “வசீமுக்கு போன் போட்டு உங்க போட்டோவ அனுப்பவா பாய்?”

கலீலுல்லா கவிழ்த்து வைத்திருந்த ஒரு மீன் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைப் பற்றி இப்போது அவருக்குக் கவலை இல்லை.

“மழைக்காலத்துல நடந்துச்சும்மா. எண்ணூர்ல ஒரு சொந்தக்காரருக்குக் காட்டணும்னு ஆசப்பட்டு கப்ப ஸ்கூட்டர்ல முன்னாடி வெச்சுகினு போனேன். பள்ளத்துல வண்டி குதிச்சுது. கப்பு ரோட்ல உருண்டுச்சு. பின்னாடி கன்டெய்னர் லாரி. கப்பு தப்பிச்சுது, ஒரு காது மட்டும் டயர்ல போயி அப்பளமாயிடுச்சு. கமிட்டி மூஞ்சில எப்படி முழிக்கிறது? என் வூட்டுக்காரி ஜஹானாரா சமையக்கட்டுல ஒரு சட்டி இருந்துச்சு. அவளுக்கும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் அந்த சட்டிக்கு ஒரு காதுதான்.”

கோப்பையை எடுத்து, நல்ல வெள்ளிக் காது ஒன்று செய்து ஒட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் மாடியில் கிடைத்ததாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். வாசலில் சோதனை என்றதும் பயந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, டிக்கிக் கயிற்றைத் தளர்த்தி, பைப்புக்குள் ஒளித்துவிட்டார். மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் அதற்குள் ஊர் முழுக்க அந்தக் காரையே பார்க்க ஆரம்பித்துவிட்டது. பெட்டியை முழுசாகக் கழற்றி வாங்கத்தான் அந்தக் குலுக்கல்.

“அப்புறம் எதுக்கு பாய் எங்கள வேலைக்கு வெச்சீங்க?” பகலவனுக்கு அதுதான் புரியவில்லை.

கலீலுல்லா தயங்கினார். “துப்பறிய ஆள் வெக்கணும்னு கமிட்டி ஒத்தக் கால்ல நின்னுச்சு. யாரு கண்டுபுடிக்க மாட்டாங்கன்னு நாலு எடத்துல விசாரிச்சேன். எல்லாரும் உங்களத்தான் சொன்னாங்கோ. கடைசியா நீங்க எடுத்த கேஸு ஆடு காணாமப் போன கேஸாம். அந்த ஆடும் தானா வூட்டுக்கு வந்துச்சாம்.”

“வர்ற வழியில அதப் பாத்தது நாங்கதான்,” என்றான் பகலவன். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

தஸ்னீம் சிரிக்கவில்லை. “காது ஒடஞ்சது விபத்து பாய். எனக்கு அது நல்லாத் தெரியும், அதத்தான் பல வருஷம் பாத்துகினு இருந்தேன். ஆனா ஜெயவேல் டிக்கிய ஊர் நடுவுல தொறந்தப்ப நீங்க அங்கதான நின்னீங்க?”

கலீலுல்லா தலை குனிந்தார்.

“டார்ச்சு புடிச்சதே நாந்தான்,” என்றார்.

சுற்றிலும் வியாபாரிகளின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பூவம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு டப்பாவில் தண்ணீர் மொண்டு அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடிக்கவில்லை. கைபேசியை எடுத்து, கமிட்டித் தலைவர் அலி அக்பரை அழைத்தார். விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது.

“கப்பு கெடச்சிருச்சு,” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ். அந்த ஜெயவேல் ஒத்துகினானா?”

“அவன் எடுக்கல. நாந்தான் எடுத்தேன்.”

 மறுமுனையில் யாரோ கேரம் காய்களைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கலீலுல்லா எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது அலி அக்பரின் குரல் மாறியிருந்தது.

“பாய், உங்க சங்கதி அப்பால. அந்தப் பையன்கிட்ட நாங்க எந்த மூஞ்சிய வெச்சிகினு பேசுறது? உங்ககூட அந்தத் துப்பறியற அம்மா கீதா? அவங்கள வுட்டு ஜெயவேலுகிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லச் சொல்லுங்களேன்.”

தஸ்னீம் கைபேசியின் பக்கம் குனிந்தாள். “திருடனக் கண்டுபிடிக்க ஆள் வெக்கலாம். மன்னிப்புக் கேக்க ஆள் வெக்க முடியாது. நீங்களே வாங்க.”

*

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு ஜெயவேல் சவாரி முடித்துத் திரும்பினான். தெருவில் கும்பலைப் பார்த்ததும் கார் சட்டென்று நின்றது. இஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தான். மறுபடியும் சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் போய், அவனாகவே டிக்கிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“அதத் தொறக்காதப்பா,” என்றார் கலீலுல்லா.  பிறகு தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னார். புது சப்வூஃபர் நாளைக்கே மாட்டப்படும், அது தன்னுடைய கடமை என்றும் சொன்னார்.

“மூடுன பாக்ஸா?” என்று வாசலிலிருந்து கேட்டாள் பூவம்மா.

“மூடுன பாக்ஸுதான்.”

“அப்ப சரி.”

அலி அக்பரும் மற்றவர்களும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். எல்லோருடைய பார்வையும் தரையிலும் டயரிலுமாக இருந்தது. ஜெயவேல் கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றான். அவன் கத்துவான் என்று பகலவன் எதிர்பார்த்தான். தன்னுடைய டிக்கி என்றால் தான் கத்தியிருப்போம் என்றும் நினைத்துக்கொண்டான்.

“அன்னிக்கு எல்லாரும் டிக்கியையே பாத்தீங்கோ,” என்றான் ஜெயவேல். “என் மூஞ்ச ஒருத்தர்கூட பாக்கல. இப்ப பாருங்கோ.”

ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தினார்கள். கலீலுல்லா கடைசியாக நிமிர்ந்தார். ஜெயவேல் அவசரப்படவில்லை. எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று அவனுக்குத் திருப்தியாகும் வரை நின்றான். பிறகு தெருமுனைக் கடைப் பக்கம் திரும்பி, விரலால் தலைகளை எண்ணிக்கொண்டே குரல் கொடுத்தான்.

“மாமு, டீ போடு. பாய்க்கு மட்டும் இன்னிக்கு சக்கர இல்லாம.”